பெயரில் ஓர் எழுத்து

அன்புள்ள ஐயா,

என் தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப்போரில் பர்மாவில் இறந்தார். ரங்கூனுக்கு வடக்கே தவுக்கியான் போர்க் கல்லறைத் தோட்டத்தின் தூணில் அவர் பெயர் இருப்பதை நண்பர் ஒருவர் படமெடுத்து அனுப்பினார். அமெரிக்கா தன் வீரர்களின் எலும்பைக்கூடத் தேடி எடுத்துச்செல்கிறது. நம்மவர்களை மட்டும் ஏன் அந்நிய மண்ணில் விட்டார்கள்? அவரைக் கொண்டுவர யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

படத்தைப் பார்த்த நீங்கள் விவரத்தைப் படிக்கவில்லை. அந்தத் தூண்களில் உள்ள ஏறத்தாழ 27,000 பெயர்களும் கல்லறை எதுவென்றே தெரியாமல் போனவர்களுடையவை. எடுத்துவர அங்கே எதுவும் இல்லை.

அமெரிக்கா குடும்பங்களிடம் விருப்பம் கேட்டுக் கப்பலில் கொண்டுசென்றது. அந்தப் பேச்சு இங்கே உதவாது. பிரிட்டனின் வழி வேறு. பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனின் பேரன் முதல் உலகப்போரில், 1915 ஏப்ரலில், பிரான்சில் இறந்தபோது உடல் ஊருக்கு வந்தது. செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளை திரும்பிவர, கூலிக்காரன் பிள்ளை சேற்றில் கிடப்பதா என்ற கேள்வி எழுந்து, உடல்களை எடுத்துச்செல்லத் தடை வந்தது. 1917இல் அமைந்த போர்க் கல்லறை ஆணையமும் தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே மாதிரிக் கல் என்பதில் உறுதியாக நின்றது. எனக்கு அந்த முடிவு இன்றும் பிடிக்கும். ஆனால் அதே போரில் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் இறந்த பல்லாயிரம் இந்தியர், ஆப்பிரிக்கர் பெயர்களைத் தனித்தனியே பொறிக்காமல் விட்டதை அதே ஆணையம் 2021இல் ஒப்புக்கொண்டது. கோபத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தக்கலையில் இருந்துகொண்டா அந்நிய மண் என்கிறீர்கள்? பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள், 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையையே நடத்திய டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய் 1777 முதல் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் இருக்கிறது. அவரைத் தோண்டி அனுப்பச் சொல்லி நம்மில் யாரும் மனுப் போடவில்லை.

என் ஆச்சியின் அண்ணனும் பர்மாவில்தான் போனார். மடிப்புகளில் கிழிந்து நான்கு துண்டாகியிருந்த தந்தியை டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்த ஆச்சி, ஆங்கில எழுத்துக் கூட்டத் தொடங்கும் ஒவ்வொரு பேரனையும் அழைத்து வாசிக்கச் சொல்வார். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நான் தாளில் இருந்தபடியே வாசித்தேன். "அப்படியில்ல மக்ளே, நல்லா வாசி" என்றார். மூன்றாம் முறை, தாளைப் பார்க்காமலே சரியான பெயரைச் சொன்னேன். அதன் பிறகுதான் பெட்டியை மூடினார். ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரிக் கடலில் பலி போடும்போதும் அந்தப் பெயரை அவரே உரக்கச் சொல்வார், புரோகிதரிடம் விடமாட்டார்.

உங்கள் படத்தைப் பெரிதாக்கி, பெயர் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பிழையிருந்தால் வீட்டிலுள்ள பழைய காகிதங்களின் நகலோடு ஆணையத்துக்கு எழுதலாம், திருத்துகிறார்கள். அந்த மனுவை நானே எழுதித் தருகிறேன்.