அக்காவிடம் கேளுங்கள்: "ஆட்டிசமா உனக்கு?"

கேள்வி: அக்கா, என் மகனுக்கு 9 வயது, ஆட்டிசம் உள்ள பிள்ளை. என் தமிழ்ப்பள்ளிப் பழைய மாணவர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 80 பேர் இருக்கிறோம். யாராவது ஒரு விஷயம் புரியாமல் மறுபடி கேட்டால் போதும், "ஆட்டிசமா உனக்கு?" என்று எழுதுவார்கள், கீழே வரிசையாகச் சிரிப்புப் படங்கள் வரும். தைப்பூசத்தன்று ரதத்துக்குப் பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுத ஒரு பையனின் காணொளியை ஒருவர் போட்டார். "அம்மா வளர்த்த லட்சணம்" என்று இன்னொருவர் எழுதினார். அது என் பிள்ளை இல்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. குழுவை விட்டுப் போய்விடட்டுமா?
– ஒரு தாய், பிறை, பினாங்கு

பதில்: தங்கச்சி, போவதும் இருப்பதும் உங்கள் விருப்பம், தூக்கத்தைக் கெடுக்கும் குழுவில் இருந்தே தீரவேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் போவதாக இருந்தாலும் பேசிவிட்டுப் போங்கள். ஏறக்குறைய நூறு பிள்ளைகளில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் குழுவில் இருக்கும் 80 பேரின் வீடுகளையும், அண்ணன் தம்பி பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். உங்களைப்போல வாய் திறக்காமல் படித்துவிட்டுப் போனை ஓரமாக வைத்தவர் இன்னும் ஒருவராவது அங்கே இருப்பார்.

அந்தப் பையனை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. பினாங்குத் தைப்பூசம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ரதம் வருமுன்னே சாலையில் மலைபோலக் குவித்த தேங்காய்களைப் படபடவென்று உடைப்பார்கள், உறுமி ஒரு பக்கம், ஒலிபெருக்கி ஒரு பக்கம், வெயில், மேலே வந்து இடிக்கும் கூட்டம். ஆட்டிசம் உள்ள பலருக்கு இதில் எதையும் ஒதுக்கிவைக்க முடியாது, எல்லாச் சத்தமும் ஒரே அளவில் உள்ளே வந்து மோதும். காதைப் பொத்துவதும் தரையோடு ஒடுங்குவதும் அடமில்லை, அந்த நேரத்தில் அவனால் முடிந்த தற்காப்பு அது. பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டிருந்தால் அந்தத் தாய் பிள்ளையை நிழலுக்குக் கூட்டிப் போயிருப்பார்.

"அம்மா வளர்த்த லட்சணம்" என்பது பழைய கொடுமை. 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் தனி நிலையாகப் பேசப்பட்டது. அதற்குப்பின் பல வருடம், தாய் பாசம் காட்டாததுதான் காரணம் என்று படித்தவர்களே பழி போட்டார்கள். 1964இல் பெர்னார்ட் ரிம்லண்ட், அவரே ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பா, அது பொய் என்று புத்தகமே எழுதினார். பிறப்பிலேயே மூளை வளரும் விதம் வேறு, அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் வளர்ப்பு இதற்குக் காரணமே இல்லை, இதை நீங்கள் முதலில் நம்ப வேண்டும்.

காணொளி போட்டவருக்குத் தனியாக எழுதுங்கள்: "அண்ணா, என் மகனும் சத்தம் தாங்காமல் இப்படித்தான் அழுவான். அதை அழித்துவிடுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்." நிறையப் பேர் இதற்கே வெட்கப்பட்டு நிறுத்திவிடுவார்கள். அசையவில்லை என்றால் குழு நிர்வாகியிடம் சொல்லுங்கள், அப்புறம் குழுவிலேயே எழுதுங்கள். சட்டத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். நம் மலேசியாவில் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் உரிமைகளைச் சொல்கிறது, மீறியவருக்குத் தண்டனை சொல்லவில்லை.

கேள்வி: எனக்கு 26 வயது. போன வருடம்தான் ஆட்டிசம் என்று உறுதியானது. ஆன்லைனில் சேர்ந்து விளையாடும் நண்பர்களிடம் சொன்னேன். "பார்த்தா தெரியலையே" என்றான் ஒருவன், "அப்போ கணக்குல புலியா?" என்றான் இன்னொருவன். "உங்களுக்கெல்லாம் பாசமே வராதாமே" என்றதுதான் வலித்தது. சொல்லியிருக்கக் கூடாதா?
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, சொன்னதில் உங்கள் தவறு எதுவுமில்லை. ஆட்டிசத்துக்கு என்று ஒரு முகம் கிடையாது. எத்தனையோ பேர், முக்கியமாகப் பெண்கள், சின்ன வயதிலிருந்தே மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து நடித்துப் பழகி, ராத்திரி உடம்பும் மனசும் ஓய்ந்துபோய் விழுகிறார்கள். கணக்கில் புலியாக இருப்பவர்கள் சிலர்தான், பெரும்பாலானவர்களுக்கு அப்படி எந்த அபூர்வத் திறமையும் இல்லை. இருந்தால்தான் மதிப்போம் என்பது என்ன நியாயம்?

பாசம் பற்றி ஒன்று சொல்கிறேன். என் தம்பி மகனுக்கும் ஆட்டிசம், யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். அவன் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் வந்த அன்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாயங்காலம் நான் போய்ப் பார்க்கிறேன், கட்டில் பக்கத்தில் ஆறு கிளாஸ், ஆறிலும் தளும்பத் தளும்பத் தண்ணீர். டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர், இவருக்கும் ஆட்டிசம்தான், 2012இல் இதைத்தான் எழுதினார்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியாத அளவுக்கு நமக்கும் அவர்களைப் புரியவில்லை. உங்கள் நண்பனுக்கு ஒரே வரி எழுதுங்கள், "எனக்குப் பாசம் உண்டு, நீ சொன்னது வலித்தது." அதைப் படித்தும் சிரிப்பவனோடு சேர்ந்து விளையாட வேண்டாம்.

கேள்வி: தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று அத்தை தினமும் குடும்பக் குழுவில் அனுப்புகிறார். உண்மையா?
– ஒரு வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: இல்லை. 1998இல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய கட்டுரையில் கிளம்பிய புரளி இது. 2010இல் அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே கட்டுரையைத் திரும்பப் பெற்றது, அதே வருடம் அவருடைய மருத்துவர் பதிவும் ரத்தானது. 2019இல் டென்மார்க்கில் ஆறரை லட்சம் பிள்ளைகளைப் பார்த்தும் எந்தத் தொடர்பும் கிடைக்கவில்லை. அத்தைக்கு போன் பண்ணிப் பொறுமையாகச் சொல்லுங்கள், குழுவில் வைத்துச் சொன்னால் கோபம்தான் வரும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட விடாதீர்கள். 18ஆவது மாதம் அரசு கிளினிக்கில் பிள்ளையின் வளர்ச்சி பற்றிக் கேள்வித்தாள் தருவார்கள், அதையும் நிரப்பிக் கொடுங்கள்.