கம்பெனி சர்வரை மூடிவிட்டால் ஸ்மார்ட் பல்பு, பிளக் எல்லாம் வீணாகிவிடுமா?

சாதனத்தைப் பொறுத்தது. மலிவான வைஃபை பல்புகள் பலவற்றில் நீங்கள் போனில் கொடுக்கும் கட்டளை நேராக பல்புக்குப் போவதில்லை. தயாரிப்பாளரின் சர்வருக்குப் போய், அங்கிருந்து உங்கள் ரூட்டருக்குத் திரும்பி வருகிறது. தலைக்கு மேலே இருக்கும் விளக்கை அணைக்க இவ்வளவு சுற்று! சர்வர் நின்றுபோனால் சுவரிலுள்ள சுவிட்சைப் போட்டால் எரியும், அவ்வளவுதான். நிறம் மாற்றுவது, நேரம் குறித்து அணைப்பது எல்லாம் போய்விடும்.

ஹப், அதாவது பல ஸ்மார்ட் சாதனங்களை இணைத்து இயக்கும் மையப் பெட்டி என்றால் இன்னும் மோசம். 300 டாலருக்கு விற்ற ரிவால்வ் ஹப், 2016 மே மாதம் சேவை நிறுத்தப்பட்டதும் வெறும் பெட்டியானது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஆயுளை வேறொருவர் முடிவு செய்வது அநியாயம்.

அதனால் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ரூட்டரை அணைக்க வேண்டாம். இணையம் உள்ளே வரும் கேபிளை மட்டும் கழற்றுங்கள். போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு, ஆப்பை முழுதாக மூடித் திறந்து, பல்பைப் போட்டுப் பாருங்கள். எரிந்தால் கட்டளை வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. டேட்டாவை நிறுத்த மறந்தால், இணையமில்லாத வைஃபையை விட்டு போன் டேட்டாவுக்குத் தாவிவிடலாம். நல்ல பல்பும் வேலை செய்யாததுபோல் தெரியும்.

புதிதாக வாங்குபவர்கள் 2022-இல் வந்த, ஸ்மார்ட் சாதனங்களுக்கான பொதுத் தரநிலையான மேட்டரின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே இயங்கும்படி வகுக்கப்பட்டது. வைஃபைக்குப் பதிலாக ஜிக்பீ என்ற வேறு ரேடியோ முறையில் இயங்கும் பல்பும் நல்லதுதான், ஆனால் ஹப் தேவை. அந்த ஹப்பையும் இதேபோல் சோதியுங்கள். ஸ்மார்ட் கதவுப் பூட்டை மட்டும் சாவித் துவாரம் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.