தேர்வில் வந்த மொழி காதில் ஏறவில்லையே!

கூடலூரிலிருந்து நர்ஸ் வேலைக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஜெர்மன் மொழியின் பி2 நிலைத் தேர்வில் தேறியும் வார்டில் பேசுவது பிடிபடவில்லை, வாய் திறக்கவே பயமாக இருக்கிறது, இன்னொரு வகுப்பில் சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. இப்போது வகுப்பு வேண்டாம். நீங்கள் இப்போது இருக்கும் ஊரின் சங்கம் எதிலாவது சேருங்கள்.

விடுமுறைக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன். நேற்றுச் சந்தையில் பழைய சிநேகிதியைப் பார்த்து ஒரு மணி நேரம் படுக மொழியில் பேசித் தீர்த்தேன். எங்கள் வீட்டில் தமிழ்தான். பக்கத்து ஹட்டி, அதாவது படுகர் ஊர்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடியும், எத்தையம்மன் பண்டிகைக்குப் போயும் வந்த மொழி அது. பாலுக்கு ‘ஹாலு’ என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. கூடலூரில் வளர்ந்த உங்களுக்கு மலையாளம் வந்ததும் இப்படித்தானே?

ஜெர்மனியில் என்னைக் காப்பாற்றியது ஊர்ப் பாடகர் குழு. ‘இல்லை’ என்ற பொருளில் நான் படித்த ‘நிஷ்ட்’ அந்த வட்டாரப் பேச்சில் ‘நெட்’ ஆகிவிடும். முதல் மாதம் பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் நடத்துநர் ‘நோக் மால்’ என்றதும் எல்லோரும் மறுபடி பாடுவார்கள், நானும் பாடுவேன். என்ன சொல்லப் போகிறார் என்பது முன்பே ஓரளவு தெரிவதால் காது பதறாது. ஒரே வரியை இருபது தடவை பாடும்போது, தமிழில் இல்லாத அந்த ‘ஊ’, ‘ஓ’ சாயல் உயிரொலிகளுக்கு உதடு தானாகக் குவியப் பழகும். தனியாகத் தப்புச் செய்கிறோம் என்ற கூச்சமும் இல்லை. ஒத்திகை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போதுதான் உண்மையான பேச்சு நடக்கும். என் முதல் முழு வாக்கியத்தை அங்கேதான் பேசினேன். யாரும் இலக்கணம் திருத்தவில்லை. பதில் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

பாட்டு பிடிக்காவிட்டால் கைப்பந்து, தோட்டச் சங்கம், தன்னார்வத் தீயணைப்புப் படை என்று எதுவும் சரிதான். நம் ஊர்க்காரர்கள் மட்டும் கூடும் இடமாக இருக்க வேண்டாம். அது மனத்துக்கு நல்லது, காதுக்கு உதவாது.

ஊராட்சி வெளியிடும் ‘ஆம்ட்ஸ்பிளாட்’ இதழில் சங்கங்களின் அறிவிப்புகள் வரும். பல இடங்களில் ஓரிரு முறை சும்மா போய்ப் பார்க்கலாம்; பிறகு சந்தா கட்டினால் போதும். ஷிப்ட் வேலைதான் தடை. வார்டுத் தலைமை நர்ஸிடம் வாரத்தில் சங்கம் கூடும் அந்த ஒரு மாலையை மட்டும் விட்டுத்தரச் சொல்லிக் கேளுங்கள். மொழிக்காக என்று காரணத்தையும் சொல்லுங்கள், தம்பி.