கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள், போடலாமா?

கேள்வி: வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். நான்கு மாதம் முன்பு ஸ்கூட்டரில் போனபோது, சந்திலிருந்து திரும்பிய கார் இடித்து விழுந்துவிட்டேன். வலது மணிக்கட்டு உடைந்தது, பழைய முதுகுவலியும் கூடிவிட்டது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. ஆனால் கனமான துணியை வெட்டும்போது கட்டைவிரல் பக்கம் சுருக்கென்று இழுக்கிறது, கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிடுகிறேன். கார்க்காரரின் இன்சூரன்ஸ் கம்பெனி அதிகாரி அடிக்கடி போன் செய்து ஒரு தொகை சொல்கிறார், இந்த மாதத்துக்குள் கையெழுத்துப் போட்டால் உடனே பணமாம். கணவரின் அண்ணன், "வருவதை வாங்கிக்கொள், அடுத்தவன் காசுக்கு ஆசைப்பட்டுக் கேஸ் என்று அலையாதே" என்கிறார். விழுந்த பதற்றத்தில் நானே அந்த டிரைவரிடம் "ஸாரி" சொல்லிவிட்டேன், கொஞ்சம் வேகமாகவும் வந்தேன். சம்பளச் சீட்டும் கிடையாது. நான் நஷ்ட ஈடு கேட்கலாமா? (பெயர், ஊர், நாடு எதுவும் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தாராளமாகக் கேட்கலாம். ஆனால் இந்த மாதம் கையெழுத்துப் போடாதீர்கள், அதுதான் முதல் விஷயம். அந்த அதிகாரி நீட்டும் காகிதத்தில், இந்தத் தொகையோடு எல்லாம் தீர்ந்தது, இனி இந்த விபத்து சம்பந்தமாக எதுவும் கேட்க மாட்டேன் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். போட்டுவிட்டால் போட்டதுதான். ஆறு மாதம் கழித்து டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவர் வேலை கோப்பைச் சீக்கிரம் மூடுவது. உங்கள் கை எப்போது சரியாகும் என்பது அவருடைய கணக்கிலேயே இல்லை.

மணிக்கட்டு எலும்பு கூடுவதற்குப் பொதுவாக ஆறு வாரம் ஆகும் என்பார்கள், ஆனால் பிடிமானமும் பலமும் திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருடம் கூட. இனி இதற்கு மேல் தேற வாய்ப்பில்லை என்று மருத்துவர் எழுதித் தரும் கட்டம் ஒன்று உண்டு, அந்தக் கட்டம் வரும்வரை உங்கள் நஷ்டம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்? அதனால் அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எங்களுக்கு எழுதிய மாதிரியே, எந்தத் துணியை வெட்டும்போது, எந்தப் பக்கம், எத்தனை நிமிடத்தில் இழுக்கிறது, கத்தரிக்கோல் நழுவுகிறது என்பதைச் சொல்லுங்கள், அதை அவர் குறிப்பில் எழுதுகிறாரா என்றும் பாருங்கள். குறிப்பில் ஏறாத வலியை அப்புறம் நிரூபிப்பது பெரும்பாடு. பிசியோதெரபிக்குப் போகச் சொன்னால் ஒழுங்காகப் போய்விடுங்கள், போகாமல் விட்டால் நஷ்டத்தைக் குறைக்க நீங்களே முயலவில்லை என்று எதிர்த்தரப்பு வாதாடும்.

பொறுங்கள் என்று சொன்னதற்காகச் சும்மா இருந்துவிடவும் கூடாது. கை தேறுவது ஒரு கணக்கு, வழக்குப் போடக் கடைசி நாள் வேறு கணக்கு. முதல் கணக்கைப் பார்த்துக்கொண்டே இரண்டாவதைக் கோட்டை விட்டவர்கள் நிறையப் பேர். நீங்கள் எந்த நாடு என்று தெரியாததால் சில இடங்களைச் சொல்கிறேன். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று வருடம். கனடாவின் ஒன்டாரியோவில் இரண்டு வருடம். இந்தியாவில் மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போக, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி ஆறே மாதம். அரசாங்க வண்டி இடித்திருந்தால் சில நாடுகளில் இதைவிடக் குறைவு. நியூசிலாந்தில் கதையே வேறு, அங்கே 1974 முதல் யார் தப்பு என்று பார்க்காமல் அரசுத் திட்டமே பணம் தருகிறது, அதற்குப் பதிலாகக் காயத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட முடியாது. உங்களுக்கு நான்கு மாதம் ஓடிவிட்டது. ஆகவே இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். வழக்கைப் பதிவு செய்துவிட்டு மருத்துவ அறிக்கைக்குக் காத்திருக்கலாம், அதில் தவறே இல்லை.

அடுத்து உங்கள் "ஸாரி". கீழே விழுந்தவர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான், அதை நினைத்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்புக் கேட்டது மட்டுமே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று இங்கிலாந்தில் 2006-லும் ஒன்டாரியோவில் 2009-லும் சட்டமே எழுதிவிட்டார்கள். அப்படித் தனிச் சட்டம் இல்லாத இடத்திலும் நீதிபதி பார்ப்பது வண்டி எப்படித் திரும்பியது, எங்கே இடித்தது என்பதைத்தான். வேகமாக வந்ததைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டாம், வக்கீலிடம் உள்ளபடி சொல்லுங்கள். பெரும்பாலான இடங்களில் இருவர் மீதும் தப்பு இருந்தால், உங்கள் பங்கு எவ்வளவோ அவ்வளவைக் கழித்துவிட்டு மீதியைத் தருவார்கள். சீட் பெல்ட் போட்டிருந்தால் காயமே பட்டிருக்காது என்ற நிலையில் இருந்தவருக்குக் கால் பங்கு கழிக்கலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1975-லேயே வழி சொன்னது, முழுத் தொகையையும் மறுக்கவில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா, மேரிலாந்து மாதிரிச் சில மாநிலங்களில் மட்டும் உங்கள் பக்கம் சிறு தப்பு இருந்தாலே ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்ற பழைய விதி இன்னும் இருக்கிறது.

சம்பளச் சீட்டு இல்லை என்ற கவலைக்கு வருகிறேன், உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். வீட்டில் வேலை செய்யும் பெண்கள் பலர் தங்கள் உழைப்புக்குச் சாட்சியே இல்லை என்று தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். தையல் வேலை செய்பவரிடம் அளவு நோட்டு இருக்குமே! வாடிக்கையாளர் பெயர், தோள், இடுப்பு, கை நீளம், கொடுத்த தேதி, வாங்க வரும் தேதி, ஓரத்தில் கூலியும் முன்பணமும். அந்த நோட்டுதான் உங்கள் சம்பளச் சீட்டு. விபத்துக்கு முந்தைய மாதங்களில் பக்கம் பக்கமாக நிரம்பியிருக்கும், அப்புறம் பாருங்கள், எத்தனை பெயர்கள் அடிக்கப்பட்டிருக்கின்றன என்று. அதைப் புதிதாக அழகாக நகலெடுத்து எழுதாதீர்கள், எண்ணெய்க் கறையும் அடித்தலும் இருந்தால் அப்படியே இருக்கட்டும், அந்தப் பழைய நோட்டுக்கு இருக்கும் நம்பகம் புது நோட்டுக்கு வராது. போன் வழியாகக் கூலி அனுப்பியவர்களின் பதிவுகள், நூல், லைனிங் வாங்கிய பில், "அக்கா, பிளவுஸ் எப்போ ரெடி" என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, எல்லாம் சாட்சிதான். கை முடியாததால் வேலையை வெளியே கொடுத்துச் செய்திருந்தால் அந்தக் கூலியையும் எழுதி வையுங்கள். வீட்டில் உங்களுக்குத் தலை பின்னிவிட்டு, சமைத்துப் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவர்களின் நேரத்துக்கும் பல நாடுகளில் மதிப்புப் போடுகிறார்கள், காசு வாங்காமல் செய்திருந்தாலும்.

இதில் இன்னொன்று. மருத்துவ போர்டு உங்கள் கைக்கு ஒரு ஊன சதவீதம் போடும், அது சின்னதாக இருந்தால் அதிகாரி அதையே பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவார். விட்டுக்கொடுக்காதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2010-ல் ராஜ்குமார் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது: இடது கையை இழந்தவர் டிரைவரோ தச்சரோ என்றால் சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுவதுமே போய்விடலாம், அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை போகாமலே இருக்கலாம், ஆகவே உடலின் ஊனத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது என்று. வலது கட்டைவிரலில் பலம் இல்லாத தையல்காரருக்கு என்ன நஷ்டம் என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும், வக்கீலிடம் இதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

பழைய முதுகுவலியை மறைக்காதீர்கள். அவர்கள் பழைய மருத்துவக் குறிப்புகளை எடுப்பார்கள், அங்கே அது வந்துவிடும், மறைத்தது தெரிந்தால் உண்மையான மணிக்கட்டையும் சந்தேகிப்பார்கள். முன்பு எப்படி இருந்தது, இப்போது எவ்வளவு கூடியது என்று பிரித்துச் சொன்னால், கூடிய பகுதிக்கு ஈடு கேட்கலாம். போனில் அதிகாரி "இப்ப எப்படிம்மா இருக்கீங்க" என்று கேட்டால் மரியாதைக்குக்கூட "நல்லா இருக்கேன்" என்று சொல்லாதீர்கள், அந்த உரையாடல் பதிவாகலாம். கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை ஃபேஸ்புக்கில் போடுவதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். விபத்து நடந்த இடத்துக் கடைகளில் கேமரா இருந்தால் இன்றே போய்க் கேளுங்கள், பெரும்பாலும் சில வாரங்களில் அழிந்துவிடும், ஆனாலும் போலீஸ் வாங்கி வைத்திருக்க வாய்ப்புண்டு.

உங்கள் கணவரின் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அடுத்தவன் காசு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வண்டி வைத்திருப்பவர் பிறருக்கு ஏற்படுத்தும் காயத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று பிரிட்டன் 1930-லேயே சட்டம் போட்டது, இன்று பெரும்பாலான நாடுகளில் அதுதான் விதி. அந்த டிரைவர் பிரீமியம் கட்டியதே இப்படி ஒரு நாளுக்காக. நீங்கள் கேட்பது போன நான்கு மாதத்தில் தைக்க முடியாமல் போன துணிகளின் கூலியும் இனி தைக்க முடியாமல் போகப்போவதும். அலைய வேண்டியிருக்கும், அது உண்மை, இப்படிப்பட்ட வழக்குகள் வருடக்கணக்கில் இழுப்பதும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை தீர்ப்பு வரை போகாமல் பேச்சிலேயே முடிகின்றன, அந்தப் பேச்சில் உங்கள் பக்கம் ஆதாரம் இருந்தால் தொகையே மாறும்.

வக்கீல் கட்டணத்தை முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள். அமெரிக்காவில் ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு என்று பேசுவது வழக்கம். இந்தியாவில் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது பார் கவுன்சில் விதிப்படியே தப்பு, யாராவது பாதி கொடு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பணம் கட்ட முடியாவிட்டால் அரசின் இலவச சட்ட உதவி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

அதிகாரி மறுபடி கூப்பிட்டால், "சிகிச்சை இன்னும் முடியவில்லை, சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். வக்கீல் ஆபீஸுக்குப் போகும்போது அளவு நோட்டு, எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், போலீஸ் புகார் நகல் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துப் போங்கள், உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "என் வழக்குக்குக் கடைசி நாள் எது?" என்பது.