கேள்வி பதில்: திமிரா, காயமா?

கேள்வி: பராமரிப்பு இல்லம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விபத்தில் மூளை அடிபட்ட 32 வயதுக்காரர் ஒருவர் எட்டு மாதமாக எங்களிடம் இருக்கிறார். பேச்சில் குறையே இல்லை, பழைய கதையெல்லாம் வருடத்தோடு சொல்வார். குளிக்கச் சொன்னால் "சரி" என்பார், ஆனால் அசையமாட்டார். சாயங்காலமானால் கெட்ட வார்த்தைதான். வேண்டுமென்றே செய்கிறார் என்கிறார்கள் ஊழியர்கள். ஒரு நாள் பயிற்சி வைத்து மூளையின் பாகங்களை ஸ்லைடில் காட்டினோம், ஒன்றும் மாறவில்லை.

பதில்: மாறாது. மூளைப் படத்தில் முன்மடலை, அதாவது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதியை, காட்டத் தெரிந்தவருக்கும், எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஏன் எழவில்லை என்பது தெரியாமல் போகலாம். ஒரு வேலையைத் தொடங்குவது, வாயில் வந்ததை அடக்குவது, அடுத்து என்ன என்று யோசிப்பது, இவற்றிலெல்லாம் முன்மடலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1848-ல் அமெரிக்காவின் வெர்மான்ட்டில் ரயில் பாதை வேலையில் இருந்த ஃபினியாஸ் கேஜ் என்பவரின் தலையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துக்கொண்டு போனது. அவர் பிழைத்தார், பேசினார், நடந்தார். ஆனால் குணம் மாறிப்போனது என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே எழுதிவைத்தார். உங்கள் ஆள் "சரி" என்று சொல்வது பொய் இல்லை, அந்தச் "சரி"க்கும் எழுந்து நிற்பதற்கும் நடுவில் இருக்கிற பாலம்தான் உடைந்திருக்கிறது. அதனால் "குளிங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் நடக்காது. துண்டைக் கையில் கொடுத்து, "வாங்க, எழுந்திருங்க" என்று முதல் அடியை மட்டும் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்ல வேண்டும்.

சாயங்காலக் கோபத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். முன்னால் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், அதன்பின் நாம் என்ன செய்தோம், மூன்றே பத்தி. இரண்டு வாரம் எழுதினால் ஏதோ ஒன்று கண்ணில் படும்: டிவி சத்தம், ஷிப்ட் மாறும் நேரத்தில் நாலு பேர் ஒரே சமயத்தில் பேசுவது, மதியம் ஓய்வில்லாமல் போனது. மூளைக் காயத்துக்குப் பின் வரும் களைப்பு நம் களைப்பு மாதிரி இல்லை, அரை மணி நேரப் பேச்சே ஆளை அடித்துப்போட்டுவிடும். (திட்டு வாங்கினால் ஊழியருக்கும் வலிக்கும். அதைப் பேச ஓர் இடம் கொடுக்காமல் "பொறுமை வேண்டும்" என்று மட்டும் சொல்கிற பயிற்சி எனக்குப் பிடிக்காது.)

அப்புறம், மறதி அதிகமுள்ளவருக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்கும்போது "யோசிச்சுச் சொல்லுங்க பார்ப்போம்" என்று சோதிக்காதீர்கள். ஊகித்துச் சொன்ன தப்பான பதிலே பழக்கமாக ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் அது தப்பு என்ற நினைவுதான் அவரிடம் தங்காது. சரியானதை நாமே முதலில் காட்டி, திரும்பத் திரும்பச் செய்யவைத்து, உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் வழி. நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொன்னாலும் பொய்யர் என்று எழுதாதீர்கள், நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானே இட்டு நிரப்பிக்கொள்வதும் உண்டு.

கேள்வி: ஒருவருடைய ஃபைலில் கிளாஸ்கோ கோமா ஸ்கேல் 14, லேசான காயம் என்று இருக்கிறது. பிறகு ஏன் இவ்வளவு தடுமாற்றம்?

பதில்: 1974-ல் வந்த அந்த அளவுகோல் கண் திறப்பது, பேச்சு, அசைவு ஆகிய மூன்றையும் வைத்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடும். 13-ம் அதற்கு மேலும் லேசானது, 8-ம் அதற்குக் கீழும் கடுமையானது. ஆனால் அது அடிபட்ட நேரத்து விழிப்பு நிலையின் கணக்கு, பின்னால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதன் கணக்கு இல்லை.

கேள்வி: உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டியது எப்போது?

பதில்: மறுபடி விழுந்து தலையில் அடிபட்டபின் தலைவலி ஏறிக்கொண்டே போனால், வாந்தி, அசாதாரணத் தூக்கம், ஒரு பக்கம் பலவீனம் வந்தால் காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு ரத்தக் கசிவு சில வாரம் கழித்துக்கூடத் தெரியவரும். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இதை இரவு ஷிப்ட்காரர் உட்பட எல்லோரும் செய்துபார்த்துப் பழக வேண்டும்.

கேள்வி: அடுத்த பயிற்சிக்கு அந்த 32 வயதுக்காரரின் மனைவியையும் கூப்பிடலாமா?

பதில்: அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டுத் தாராளமாகக் கூப்பிடுங்கள். அடிபடுவதற்கு முன் அவர் எப்படிப்பட்ட ஆள் என்பது உங்கள் ஊழியர் யாருக்கும் தெரியாது. முதல் அரை மணி நேரம் அந்த அம்மாவைப் பேசவிடுங்கள், ஸ்லைடு அப்புறம்.