20 வருடப் பழைய ஸ்போர்ட்ஸ் கார், 38,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

மாடல் என்ன, பில் இருக்கிறதா, கடைசியாக எப்போது சர்வீஸ் ஆனது, எதுவும் கேள்வியில் இல்லை. 38,000 மட்டும் இருக்கிறது. விற்பவரும் அந்த எண்ணைச் சொல்லித்தான் விலையை ஏற்றியிருப்பார். "நாளைக்கு இன்னொருவர் பார்க்க வருகிறார்" என்றும் சொல்லியிருப்பார். வரட்டும், விடுங்கள்.

முதலில் அந்த எண்ணையே பார்ப்போம். 20 வருடத்தில் 38,000 என்றால் வருடத்துக்கு 1,900, மாதத்துக்கு 160 கி.மீ.கூட இல்லை. கார் பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. உலோகம் ஓடினால்தான் தேயும். ரப்பர் ஓடினாலும் காயும், ஓடாவிட்டாலும் காயும். கூலன்ட் ஹோஸ், கிராங்க் சீல், சஸ்பென்ஷன் புஷ், கதவு ரப்பர் எல்லாவற்றுக்கும் 20 வயது ஆகிவிட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால்தான் பெரும்பாலான கார்களில் 2 வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றாமல் நிறுத்திவைத்தால் அந்த ஈரம் காலிப்பர் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்து இறுக்கிவிடும். டாங்கில் கிடந்த பெட்ரோல் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். பத்து நிமிடம் ஓட்டி அணைத்து, மறுபடி பத்து நாள் நிறுத்திய என்ஜினில் ஆயில் சூடேறவே இல்லை, உள்ளே சேர்ந்த ஈரம் வெளியேறவும் இல்லை. டைமிங் பெல்ட் உள்ள காராக இருந்தால் அதற்குக் கிலோமீட்டர் கணக்கும் உண்டு, வருடக் கணக்கும் உண்டு. எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. "38,000தானே ஓடியிருக்கிறது, பெல்ட் இன்னும் புதுசு" என்று சொன்னால் அவருக்குத் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அதனால் என் பதில்: 38,000 ஓடி, பில்லே இல்லாத காரைவிட, 1,20,000 ஓடி ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய பில்லோடு வரும் காரைத்தான் எடுப்பேன். "என் சித்தப்பா கார் பத்து வருடம் ஷெட்டில் நின்றது, சாவி போட்டதும் ஓடியது" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஓடும், யார் இல்லை என்றது? ஓடத் தொடங்கிய முதல் ஆயிரம் கிலோமீட்டரில் எது எது கசிந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

எண் உண்மைதானா என்று பார்க்க வழி உண்டு. கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடம், டிரைவர் சீட்டில் ஏறும்போது தொடை உரசும் ஓரம், இந்த மூன்றும் 38,000-க்கு வழவழப்பாகத் தேயக்கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. தடம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 10 வயதான டயரில் இந்தக் காரை வேகமாக ஓட்டக்கூடாது, நான்கையும் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள தயாரிப்பு முத்திரை ஒன்றில் மட்டும் ஆண்டு வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். கல் பட்டு மாற்றியதாகவும் இருக்கலாம், மோதி மாற்றியதாகவும் இருக்கலாம்.

போர்ஷே 996, 986 பாக்ஸ்டர் போன்றவற்றில் என்ஜின் கணினி ஓடிய மணி நேரத்தையும் சேமிக்கிறது. மீட்டர் 38,000 காட்ட, கணினி 2,500 மணி நேரம் என்றால் சராசரி வேகம் 15 கி.மீ. வாழ்நாள் முழுக்க நெரிசலில் ஊர்ந்த காராக இருக்க வேண்டும், இல்லையென்றால் மீட்டர் பின்னால் போயிருக்கிறது. அதே கணினியில் ஓவர்ரெவ் பதிவும், அதாவது என்ஜின் எத்தனை முறை அளவுக்கு மீறிச் சுழன்றது என்பதும் இருக்கும். ரேஞ்ச் 1 என்பது சுழற்சிக்கு எல்லை போடும் லிமிட்டரைத் தொட்டது, பெரிய விஷயமில்லை. ரேஞ்ச் 2-ல் எண்ணிக்கை இருந்தால், ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றப் போய் இரண்டாவதில் தள்ளியது போன்ற வேலை எப்போதோ நடந்திருக்கிறது. கடைசியாக எந்த மணி நேரத்தில் நடந்தது என்றும் பதிவாகியிருக்கும். 1,500 மணி நேரம் முன்பு நடந்து இன்னும் நன்றாக ஓடுகிறது என்றால் பயம் குறைவு. போன மாதம் நடந்தது என்றால் அடுத்த காரைப் பாருங்கள்.

இனி நேரில். போகும் முன்பே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு நாள் வருகிறேன் என்று திரும்புவதில் தவறில்லை. தேய்ந்த டைமிங் செயின் டென்ஷனர், தளர்ந்த டேப்பெட், கசியும் வால்வ் சீல் எல்லாம் குளிர்ந்த என்ஜினின் முதல் சில நொடிகளில்தான் குரல் கொடுக்கும், சூடேறினால் பல அடங்கிவிடும். சாவி திருப்பும்போது ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். முதல் நொடியில் ஒரு கொத்து நீலப்புகை வந்து நின்றால் வால்வ் சீல் என்று சந்தேகப்படலாம். ஆனால் பிஸ்டன்கள் படுக்கைவாட்டில் ஓடும் போர்ஷே என்ஜின்களில் அவ்வப்போது அப்படி வருவது இயல்பு. ஓட்டும்போது ஆக்ஸிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து மறுபடி மிதிக்கையில் நீலம் வந்தால் வால்வ் சீல் அல்லது கைடு, முழுமிதியில் தொடர்ந்து நீலம் என்றால் பிஸ்டன் ரிங். வெள்ளைப்புகை சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் எரிகிறது.

2000-க்குப் பிந்தைய பெரும்பாலான கார்களில் ஸ்கேனர் செருகிக் கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். ஸ்கேனரில் கோளாறுக் குறியீடு இல்லை என்று மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள், ரெடினஸ் மானிட்டர்களையும், அதாவது கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்பதையும் பாருங்கள். எல்லாம் "தயாரில்லை" என்று காட்டினால், குறியீடுகளை அண்மையில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டை எந்த மெக்கானிக்கும் செய்வார், சரியாகச் செய்பவர் குறைவு. என்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும், சோதிக்கும் சிலிண்டரில் மட்டும் கழற்றினால் போதாது. பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் இக்னிஷனையும் துண்டிக்க வேண்டும். திராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், மூடியிருந்தால் காற்று போகாமல் எண் குறைவாக வரும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே அளவு சுற்று கொடுத்து எழுதிக்கொள்ளுங்கள். உச்ச எண்ணைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஒன்று குறைந்தால் அதில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட். சிலிண்டருக்குள் காற்றை அடித்து எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்டவுன் கருவி இருந்தால் இன்னும் தெளிவு: காற்று சைலன்சர் வழி சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், இன்டேக் வழி வந்தால் இன்டேக் வால்வ், ஆயில் மூடி வழி வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி விட்டால் ஹெட் கேஸ்கெட்.

பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி என்ஜின், அதாவது மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 என்றால் இந்தச் சாதாரண கேஜ் உதவாது. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று முகம், மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். அது கிடைக்காவிட்டால், இருபது நிமிடம் ஓட்டி, அணைத்து, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் நீண்ட நேரம் சுழற்றியும் பிடிக்கத் தயங்கினால் கம்ப்ரஷன் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆயில் குடிக்கிறது என்பது அந்த என்ஜினில் குற்றமே இல்லை, சீல்களுக்காக அதுவே கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிக்கும்படிதான் வடிவமைப்பு.

மாடலுக்கு மாடல் ஒரு தலைவலி உண்டு. 986 பாக்ஸ்டர், 996 காரெரா இரண்டிலும் உள்ள எம்96 என்ஜினில் ஐஎம்எஸ் பேரிங், அதாவது என்ஜினுக்குள் உள்ள இடைத்தண்டைத் தாங்கும் பேரிங். அது உடைந்தால் என்ஜினே போகும். கியர்பாக்ஸை இறக்கித்தான் அதைத் தொட முடியும், அதனால் கிளட்ச் மாற்றும்போது சேர்த்து மாற்றியிருப்பார்கள். பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஆயில் ஃபில்டரைக் கழற்றி மடிப்பை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பளபளத் தூள் கெட்ட செய்தி. போர்ஷே ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், எல்லா எம்96-ம் வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை. அதே காலத்து 996 டர்போவிலும் ஜிடி3-யிலும் இந்தப் பிரச்சினை இல்லை, அவற்றின் என்ஜின் வேறு.

பிஎம்டபிள்யூ ஈ46 எம்3 என்றால் பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேமைப் பிடிக்கும் நான்கு மவுண்ட்களைச் சுற்றிய தகடு விரிசல் விடும். காரைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த இடத்தில் மட்டும் புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் அதற்கு அடியில் என்ன என்று கேளுங்கள். கனெக்டிங் ராட் பேரிங், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் வானோஸ் இரண்டுக்கும் பில் கேளுங்கள். அந்தக் காரின் ரெவ் காட்டும் டாக்கோமீட்டரில் ஆயில் சூடேறும்வரை மேல் ரெவ்வில் ஆரஞ்சு விளக்குகள் எரியும். அவை அணையும் முன்பே விற்பவர் உற்சாகமாக மிதித்துக் காட்டினால், இத்தனை வருடமும் எப்படி ஓட்டினார் என்பது தெரிந்துவிட்டது.

மாஸ்டா எம்எக்ஸ்-5-ல் என்ஜின் கெட்டி, துருதான் எதிரி. மடிப்புக் கூரையில் விழும் மழை, சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளை வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் கீழே வெளியேற வேண்டும். துளை இலைதழையால் அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிக்குள் தேங்கி உள்ளிருந்து அரிக்கும், வெளியே பெயின்ட் கொப்புளிக்கும்போது உள்ளே தகடு இருக்காது. ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக அந்தத் துளையில் ஊற்றுங்கள். கீழே கொட்டாவிட்டால் விரலால் சில்லைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று இல்லாமல் மொத்தையாகக் கேட்டால் பட்டி வைத்திருக்கிறார்கள். 1989 முதல் 1991 வரை வந்த 1.6 என்ஜின்களில் கிராங்க் முனை குட்டையானது, அதில் புல்லி தளரலாம், அதனால் முன் புல்லி ஆடுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

ஹோண்டா எஸ்2000-ல் இரண்டாவது கியரைக் குளிரில் போட்டுப் பாருங்கள், கரகரத்தால் கியர் உரசாமல் சேர உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. டொயோட்டாவின் கடைசி எம்ஆர்2-வில், குறிப்பாக ஆரம்ப வருடங்களில், புகையைச் சுத்திகரிக்கும் முன் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பொடிந்து என்ஜினுக்குள்ளேயே இழுக்கப்படும். ஆயில் குடிக்கும் எம்ஆர்2-வை "கொஞ்சம் டாப் அப் பண்ணினால் போதும்" என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

ஆயில் என்றதும் ஒன்று. இப்போது பல புதுக் கார்களில் டிப்ஸ்டிக்கையே எடுத்துவிட்டார்கள், திரையில் ஒரு கோடு காட்டுகிறது. ஆயிலின் நிறமும் வாடையும் விரலில் பிசுபிசுப்பும் சொல்வதை அந்தக் கோடு சொல்லுமா? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னொன்றும்: ட்ரோனில் சூரியன் மறையும் நேரத்தில் வீடியோ எடுத்து விற்பனைக்குப் போடுகிறவர்களுக்கு, காரின் அடிப்பகுதியை ஒரே ஒரு படம் எடுக்கக் கை வருவதில்லை.

பெயின்ட் தடிமன் கேஜில் கம்பெனிப் பூச்சு பொதுவாக 80 முதல் 180 மைக்ரான் காட்டும். 300 தாண்டினால் மறுபூச்சு, 1,000 தாண்டினால் பட்டி. அலுமினியப் பாகங்களுக்கு அதற்கேற்ற கேஜ் வேண்டும், லோட்டஸ் எலீஸ் போன்ற ஃபைபர் உடலில் இந்தக் கேஜ் வேலையே செய்யாது. முன்பு சொன்ன தேய்மானம் தவிர உள் அலங்காரத்தில் நேரம் செலவழிக்காதீர்கள், சீட் உறையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது நான்காவது கியரில் குறைந்த ரெவ்விலிருந்து முழுக்க மிதியுங்கள். ரெவ் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. கியரில் இருக்கும்போது சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விடுங்கள், கியர் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸ் பிரிக்க வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் எப்போதும் நடுங்கினால் வீல் பேலன்ஸ், பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க்.

மாற்றம் செய்யாத காராகப் பாருங்கள். டர்போ பிரஷரைக் கூட்டியது, ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியது எல்லாம் வேண்டாம். மாற்றியிருந்தாலும் கழற்றிய ஒரிஜினல் பாகங்களைத் தந்தால் யோசிக்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் அந்த மாடலின் ஹெட்லைட், பின் விளக்கு, ஏபிஎஸ் யூனிட், கூரைத் துணி நான்கும் இன்னும் கிடைக்கிறதா என்று பாக எண் போட்டு விசாரியுங்கள். என்ஜின் பாகம் எப்படியாவது கிடைத்துவிடும், உடைந்த ஒரு பின் விளக்குக்காக மாதக்கணக்கில் கார் நிற்கும்.

விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். வாங்கிய வாரமே என்ஜின் ஆயில், ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், பிளக், பெல்ட், பேட்டரி எல்லாம் அதில் போகும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 தர ஆயில் கேட்டிருந்தால் ஜிஎல்-5 ஊற்ற விடாதீர்கள், அதிலுள்ள சேர்மானம் பித்தளை சிங்க்ரோ வளையத்துக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மாடல், தயாரிப்பு ஆண்டு, கையில் உள்ள பில்களின் தேதி மூன்றையும் கீழே எழுதுங்கள். சேஸிஸ் எண்ணைப் பொதுவில் போட வேண்டாம்.