பதில்: பார்னலின் உரைகள் ஏன் இவ்வளவு வறட்சியாக இருக்கின்றன?

பட்டிமன்றத்துக்காக, 19-ஆம் நூற்றாண்டு அயர்லாந்து தேசியத் தலைவர் பார்னல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரைகளைத் தேடிப் படித்தும் ‘இதில் பேச்சாற்றல் எங்கே?’ என்று குழம்பியிருக்கிறீர்கள். குழப்பம் நியாயமானது. 1909-க்கு முந்தைய ஹன்சார்ட், அதாவது அந்த நாடாளுமன்றத்தின் விவாதப் பதிவு, சொல்லுக்குச் சொல் பதிவு அல்ல. பத்திரிகைச் செய்திகளை வைத்துத் தொகுத்தது. பல உரைகள் ‘அவர் கூறினார்’ என்ற பாணியில் சுருங்கிவிட்டன. அதில் சூடு தேடினால் கிடைக்காது.

இன்னொன்று, பார்னல், அவருக்கு முந்தைய அயர்லாந்துத் தலைவர் ஓ’கானல் போல மேடையை ஆண்டவர் அல்ல. ஆரம்பத்தில் தடுமாறித்தான் பேசினார். 1875 ஏப்ரலில் மீத் தொகுதி உறுப்பினராக நிகழ்த்திய கன்னிப் பேச்சும் சிறியதுதான். அயர்லாந்து இங்கிலாந்தின் ஒரு நிலத்துண்டு அல்ல, அது ஒரு தேசம் என்பதே அதன் சாரம். அவர் அவைக்கு வந்த அதே நாளில் சக அயர்லாந்து உறுப்பினர் ஜோசப் பிக்கர் ஏறக்குறைய நான்கு மணி நேரம் பேசி அவையை முடக்கினார். பார்னலின் உண்மையான பள்ளி அதுதான் என்பேன். அவை விதிகளைக் கற்று, திருத்தம் மேல் திருத்தமாகக் கொண்டுவந்து, அயர்லாந்தைக் கவனிக்காமல் அவை நகர முடியாதபடி செய்தார். 1881-இல் அயர்லாந்துக்கான அடக்குமுறைச் சட்ட விவாதம் 41 மணி நேரம் நீண்டது. சபாநாயகர் பிராண்ட் தாமே அதை முடித்துவைக்க வேண்டியதாயிற்று.

ஆகவே உங்கள் வாதத்தைச் சொல்லழகில் கட்டாதீர்கள். 1867-இல் மான்செஸ்டரில் கைதிகளை மீட்கும் முயற்சியில் ஒரு காவலர் இறந்ததற்காகத் தூக்கிலிடப்பட்ட அயர்லாந்துப் புரட்சியாளர்களை, 1876 ஜூனில் அயர்லாந்துக்கான அமைச்சர் ஹிக்ஸ் பீச் ‘மான்செஸ்டர் கொலைகாரர்கள்’ என்றபோது, அங்கே கொலையே நடக்கவில்லை என்று பார்னல் எழுந்து மறுத்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.